இறைக்க இறைக்க ஊறும் அறிவு



இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்பது நம் முன்னோர் பழமொழி. நீருக்குச் சொன்ன இச்சொல் அறிவுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். பொருளைப் பிறருக்குக் கொடுத்தால் நம்மிடம் அது குறையும். அறிவைக் கொடுத்தாலோ அது நம்மிடமும் நிலைக்கும், பெற்றவரிடமும் வளரும். பேச்சுப் போட்டிகளில் நாம் அனைவரும் இதைச் சொல்லியிருக்கிறோம், கைதட்டலும் பெற்றிருக்கிறோம்.

ஆயினும், நம்முள் எத்தனை பேர் இதை மனமார நம்புகிறோம்? தேர்வு நெருங்கும் நாட்களில் ஒருத்தி மற்றொருத்தியிடம் குறிப்பேட்டைக் கேட்டால், "வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேனே" என்ற மறுமொழி வகுப்பறைகளில் எழுவது புதிதன்று. கடினமான கணக்கின் வழியைக் கண்டுபிடித்தவள் அதைத் தன்னோடு வைத்துக்கொள்வதும் உண்டு. நாம் சொல்லிக்கொடுத்தால் அவள் முந்திவிடுவாளோ, நம் இடம் ஒன்று இறங்கிவிடுமோ என்ற அச்சமே இதற்குக் காரணம். அந்த அச்சம் மெய்யானதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு உதாரணமாகக் கணிப்பொறிக்கு மென்பொருள் எழுதுவோரின் தொழிலை எடுத்துக்கொள்வோம். நம் பள்ளியில் பயிலும் பலர் பின்னாளில் இத்தொழிலை நாடக்கூடும். வேறு துறைக்குச் செல்வோருக்கும் இத்தொழில் கற்பிக்கும் பாடம் பயன்படும். கற்பதை நிறுத்தியவரும், கற்றதை மறைத்தவரும் நெடுநாள் நிலைக்க முடியாத தொழில் இது.

ஓயாமல் கற்க வேண்டிய தொழில்

சிறிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஒரு மாணவி இரண்டு சிறு தேர்வுகளில் முறையே 7, 8 மதிப்பெண்கள் பெற்றாள். சராசரி என்ன? 7.5 என்று ஐந்தாம் வகுப்புச் சிறுமியும் சொல்லிவிடுவாள். ஆனால், சி பிளஸ் பிளஸ் மொழியில் இவ்விரண்டையும் முழு எண்களாகக் கொடுத்து, கூட்டி, 2 என்ற முழு எண்ணால் வகுக்கச் சொன்னால் கணிப்பொறி 7 என்றே விடை தரும். கணிப்பொறி கெட்டுவிட்டதா? இல்லை. முழு எண்ணை முழு எண்ணால் வகுக்கும்போது பின்னப் பகுதியை விட்டுவிடுவது அம்மொழியின் விதி. விதியை அறிந்தவர், வகுக்கும் எண்ணை 2.0 என்று எழுதிச் சரியான விடையைப் பெறுவார். அறியாதவர் திகைத்து நிற்பார்.

இதோடு முடிந்ததா? பைத்தான் மொழியைப் பாருங்கள். 1991-இல் வெளியான அம்மொழியின் இரண்டாம் பதிப்பில் 15-ஐ 2-ஆல் வகுத்தால் 7 வரும். 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பிலோ அதே கணக்கிற்கு 7.5 வரும். விதியே மாறிவிட்டது! பழைய பதிப்பைப் பேணும் பணியை அம்மொழியை உருவாக்கியோர் 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு நிறுத்திவிட்டனர். பழைய விதியை மட்டும் மனப்பாடம் செய்து, "எனக்குப் பைத்தான் தெரியும்" என்று அமர்ந்திருந்தவரின் ஆணைத்தொடர்கள் புதிய பதிப்பில் பிழையான விடைகளைத் தந்திருக்கும். புரோகிராம் என்று நாம் வழங்குவதையே இங்கு ஆணைத்தொடர் என்கிறோம்.

எனவே, இத்தொழிலில் பட்டம் பெற்ற நாள் கல்வி முடிந்த நாள் அன்று. கல்லூரியில் கற்ற மொழி மாறும், கருவி மாறும், வேலை செய்யும் முறையும் மாறும். மாறாமல் உடனிருப்பது கற்கும் பழக்கம் ஒன்றே. இப்பழக்கத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று தேடினால், கணிப்பொறி வரலாற்றின் தொடக்கத்திலேயே சில பெண்மணிகளைக் காண்கிறோம்.

நூல் இல்லாமல் கற்ற அறுவர்

இரண்டாம் உலகப் போர்க் காலம். பீரங்கிக் குண்டு எவ்வளவு தொலைவில், எவ்வளவு நேரத்தில் விழும் என்று கணக்கிட அமெரிக்க இராணுவத்திற்கு அட்டவணைகள் தேவைப்பட்டன. ஒரு குண்டின் பாதையைக் கையால் கணக்கிட ஒருவருக்கு முப்பது மணி நேரத்திற்கு மேலும் ஆகும். இவ்வேலைக்காகக் கணிதம் கற்ற இளம்பெண்கள் பலரைப் பிலடெல்பியா நகரில் பணியமர்த்தினர்.

அவர்களுள் ஒருவர் கே மெக்நல்ட்டி. அயர்லாந்தின் டோனிகால் பகுதியில் 1921-இல் பிறந்தவர். சிறு குழந்தையாக அமெரிக்கா வந்தபோது அவருக்கு ஐரிஷ் மொழி தவிர வேறு மொழி தெரியாது. கத்தோலிக்கப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பயின்று, புனித சூசையப்பர் சபைக் கன்னியர் நிறுவிய செஸ்ட்நட் ஹில் கல்லூரியில் கணிதம் கற்று, 1942-இல் பட்டம் பெற்றார். நம்மைப் போன்ற பள்ளியிலிருந்து சென்றவர் என்பதை எண்ணும்போது நமக்குப் பெருமை உண்டாகிறது அன்றோ!

1945-இல் பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்தில் எனியாக் என்னும் மின்னணுக் கணிப்பொறி உருவாகிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களும் 30 டன் எடையும் கொண்ட பெரும் பொறி அது. அதற்குக் கணக்கு கொடுக்க ஆறு பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கே மெக்நல்ட்டி, அவர் கல்லூரித் தோழி பிரான்சஸ் பைலஸ், பெட்டி ஸ்னைடர், ஜீன் ஜென்னிங்ஸ், மார்லின் வெஸ்காப், ரூத் லிக்டர்மன் என்பவரே அவ்வறுவர்.

பாடநூல் உண்டா? இல்லை. ஆசிரியர் உண்டா? இல்லை. இயக்கும் முறையை விளக்கும் கையேடு கூட அப்போது இல்லை. பொறி இராணுவ இரகசியமாக இருந்தபடியால், தொடக்கத்தில் அதன் அருகே செல்லவும் அவர்களுக்கு அனுமதி இல்லை. அவர்கள் கையில் கொடுக்கப்பட்டவை மின்சுற்று வரைபடங்கள் மட்டுமே. அவ்வரைபடங்களை விரித்து வைத்து, பகுதி பகுதியாக ஆராய்ந்து, ஐயம் வந்தபோது பொறியாளர்களைக் கேட்டு, ஒருவருக்கொருவர் விளக்கிக் கற்றனர். பின்னர், எந்த வெற்றிடக் குழாய் பழுதாயிற்று என்று அவர்களே கண்டு சொல்லும் அளவிற்குத் தேர்ந்தனர்.

1946 பிப்ரவரி 15-ஆம் நாள் எனியாக்கை அறிஞர்களுக்கு இயக்கிக் காட்ட வேண்டும். குண்டின் பாதையைக் கணக்கிடும் ஆணைத்தொடரை அமைத்தவர்கள் பெட்டியும் ஜீனும். பொறி எப்படிக் கணக்கிடுமோ, அதே படிகளில் தாளில் கணக்கிட்டுச் சரிபார்த்தவர்கள் மார்லினும் ரூத்தும். முந்தின நாள் இரவு வரை ஒரு பிழை தீரவில்லை. தரையில் விழுந்த பின்னும் குண்டு நிற்காமல் தரைக்குள் செல்வதாகப் பொறி கணக்கிட்டுக்கொண்டே போயிற்று! வீட்டிற்குச் சென்ற பெட்டி இரவெல்லாம் அதே சிந்தனையாய் இருந்து, மறுநாள் காலை வந்து ஒரே ஒரு விசையை மாற்றி வைத்தார். பிழை நீங்கியது. 30 விநாடி பறக்கும் குண்டின் பாதையை 20 விநாடியில் எனியாக் கணக்கிட்டுக் காட்டியது.

அன்று மாலை நடந்த விருந்திற்கு இவ்வறுவருள் எவரும் அழைக்கப்படவில்லை என்பது வருந்தத்தக்க செய்தி. புகைப்படங்களில் அவர்கள் நின்றார்கள், பெயர்கள் எழுதப்படவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 1997-இல்தான் தொழில்நுட்பப் பெண்டிருக்கான புகழ் வரிசையில் அறுவரும் இடம் பெற்றனர். யார் கண்டார், யார் செய்தார் என்பதை எழுதி வைக்காவிட்டால், உழைத்தவர் பெயர் எவ்வளவு எளிதில் மறைந்துபோகிறது!

இரு குறிப்பேடுகளிலிருந்து பிறந்த கருவி

கற்றதைப் பகிர்ந்ததால் புதுமை பிறந்த வரலாற்றை இனிக் காண்போம்.

கிரேஸ் ஹாப்பர் 1906-இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1934-இல் யேல் பல்கலைக் கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, வாசர் கல்லூரியில் பேராசிரியையாக இருந்தார். போர்க் காலத்தில் கடற்படையில் சேர்ந்து, 1944-இல் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் இருந்த மார்க் ஒன்று என்னும் கணிப்பொறியில் பணிசெய்யச் சென்றார். பேராசிரியை மீண்டும் மாணவியானார். தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், அப்பொறியின் இயக்கத்தை விளக்கும் பெரிய கையேட்டை உருவாக்குவதில் முதன்மைப் பங்கு கொண்டார். 1946-இல் அது நூலாக வெளிவந்தது.

அங்கே அவரும் உடன் பணியாற்றியோரும் ஒரு பழக்கம் வைத்திருந்தனர். ஒரு கோணத்தின் சைன் மதிப்பைக் காண்பது போன்ற வேலைகள் அடிக்கடி வரும். சோதித்துச் சரியென்று கண்ட ஆணைகளை ஒவ்வொருவரும் தம் குறிப்பேட்டில் எழுதி வைப்பர். மற்றவருக்குத் தேவைப்பட்டால் அக்குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் படியெடுத்துக்கொள்வர். குறிப்பேட்டை மறைத்தவர் அங்கே இல்லை.

இதில் ஓர் இடர் இருந்தது. குறிப்பேட்டில் ஆணைகள் பூச்சியம் என்ற எண்ணிலிருந்து தொடங்கும். புதிய ஆணைத்தொடரின் நடுவே அவற்றைச் சேர்க்கும்போது, ஒவ்வோர் எண்ணோடும் ஒரு தொகையைக் கூட்டி எழுத வேண்டும். மனிதர் கூட்டுவதிலும் தவறுவர். பார்த்து எழுதுவதிலும் தவறுவர். படியெடுப்பதும் கூட்டுவதும் கணிப்பொறிக்கு எளிய வேலைகள் ஆயிற்றே, அவற்றை அதனிடமே ஒப்படைத்தால் என்ன என்று ஹாப்பர் சிந்தித்தார்.

1949-இல் அவர் பிலடெல்பியாவிலிருந்த ஒரு கணிப்பொறி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவருடன் பணிசெய்தவர், எனியாக் அறுவருள் ஒருவரான பெட்டி ஸ்னைடர். திருமணத்திற்குப் பின் பெட்டி ஹோல்பர்ட்டன் ஆனவர். விவரங்களை வரிசைப்படுத்தும் ஆணைகளைக் கணிப்பொறியே ஆக்கித் தருமாறு பெட்டி ஒரு வழி கண்டிருந்தார். ஆணைத்தொடரை எழுத ஆணைத்தொடரையே பயன்படுத்தலாம் என்பதை அது மெய்ப்பித்தது. அதைக் கண்டு தாம் ஊக்கம் பெற்றதாக ஹாப்பர் பிற்காலத்தில் நன்றியோடு கூறியிருக்கிறார்.

இவ்வாறு 1952-இல் உருவானதே ஏ-0 என்னும் தொகுப்பி. கம்பைலர் என்று இன்று வழங்கும் கருவிகளின் முன்னோடி அது. கணிப்பொறிக்குக் கணக்குப் போட மட்டுமே தெரியும், ஆணைகளை எழுத அதனால் ஆகாது என்று பலர் அதை நம்ப மறுத்தனர். ஹாப்பர் சோர்ந்துவிடவில்லை. 1953-இல் ஏ-2 என்னும் அடுத்த வடிவத்தை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பியபோது, அதன் மூல ஆணைகளையும் உடன் அனுப்பி, திருத்தங்கள் தோன்றினால் எழுதி அனுப்புமாறு அந்நிறுவனம் கேட்டுக்கொண்டது. 1959-இல் கோபோல் மொழி வகுக்கப்பட்டபோது, ஹாப்பர் குழுவினர் ஆக்கியிருந்த ஆங்கிலச் சொல் ஆணைகள் அதற்கு அடிப்படைகளுள் ஒன்றாயின. கோபோலில் எழுதிய ஆணைத்தொடர்கள் இன்றும் பல வங்கிகளில் இயங்குகின்றன.

இருவர் குறிப்பேடுகளை மாற்றிக்கொண்டார்கள். அதனால் உலகமெங்கும் பயன்படும் ஒரு கருவிக்கு வித்து விழுந்தது. குறிப்பேட்டை மறைத்திருந்தால், அதைப் படியெடுக்கும்போது நேரும் இடர் தெரிந்திராது. இடர் தெரியாவிடின் அதற்குத் தீர்வும் தோன்றியிராது.

ஹாப்பர் முதுமையிலும் ஆசிரியையாகவே விளங்கினார். மின்குறி செயற்கைக் கோளுக்குச் சென்று திரும்ப ஏன் நேரமாகிறது என்று கேட்போருக்கு, சுமார் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பித் துண்டு ஒன்றைக் கையில் கொடுப்பார். ஒரு விநாடியை நூறு கோடிக் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறு நேரத்தில் ஒளி செல்லும் தொலைவு அது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கைக்குள் வைத்துக் காட்டும் இத்திறமை, தாம் கற்றதைப் பிறர் மனத்தில் பதியவைக்க வேண்டும் என்ற ஆர்வத்தால் வருவது. 1986-இல், 79-ஆம் வயதில், கடற்படையில் ரியர் அட்மிரல் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற அவர், 1992-இல் மறைந்தார். தொகுப்பியை ஆக்கியதற்கு அடுத்தபடியாக, இளைஞர்களைப் பயிற்றுவித்ததையே தம் பெரும் சாதனையாக அவர் கருதினார்.

கன்னியர் மடத்திலிருந்து கணிப்பொறிக் கூடத்திற்கு

நம் பள்ளியினர் சிறப்பாக நினைவில் கொள்ள வேண்டிய ஒருவர் அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர். 1913-இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பிறந்து, 1932-இல் புனித கன்னிமரியாளின் அன்புச் சகோதரிகள் சபையில் சேர்ந்து, 1940-இல் வார்த்தைப்பாடு கொடுத்தவர். துறவு பூண்டதோடு கல்வியை விடவில்லை. 1943-இல் கணிதத்தில் இளநிலைப் பட்டமும், 1953-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பின்னர், அக்காலத்தில் பிறந்து வளர்ந்துகொண்டிருந்த கணிப்பொறி இயலில் புகுந்து, 1965-இல் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் கணிப்பொறி இயலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே. அப்போது அவருக்கு வயது 51.

ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், தாம் பள்ளியில் பயின்ற நாட்களில் உலகிலேயே இல்லாத ஒரு பாடத்தைக் கற்றார் என்பது எத்துணை வியப்பு! பட்டம் பெற்றதும் அவர் செய்த வேலை அதைவிடச் சிறப்புடையது. அயோவா மாநிலத்தின் டுபியூக் நகரில், தம் சபையினர் பெண்களுக்காக நடத்திய கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறையைத் தொடங்கி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதை நடத்தினார். வேலைக்குச் செல்லும் தாய்மார்கள் குழந்தைகளோடு வகுப்பிற்கு வந்தாலும் ஊக்கப்படுத்தினார் என்று அக்கல்லூரியினர் நினைவு கூர்கின்றனர். பெரிய பல்கலைக் கழகங்களே கணிப்பொறியை வைத்திருந்த காலத்தில், சிறிய கல்லூரிகள் தம் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ள ஒரு சங்கம் அமையவும் துணை நின்றார். 1985 சனவரியில் இறைவனடி சேர்ந்தார்.

கற்றவர் தம் அறிவை யாரிடம் கொண்டு சேர்க்க வேண்டும் என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கை விடை சொல்கிறது. ஏற்கெனவே அறிந்தவரோடு மட்டும் பேசி மகிழ்வது எளிது. இதுவரை வாசல் திறக்கப்படாதவரிடம் அதைக் கொண்டு செல்வதே தொண்டு.

நல்ல வல்லுநரின் நான்கு பழக்கங்கள்

இம்முன்னோடிகள் காட்டிய வழியையே இன்றைய நல்ல மென்பொருள் வல்லுநர்களும் பின்பற்றுகின்றனர். அவர்களிடம் நான்கு பழக்கங்களைக் காண்கிறோம்.

முதலாவது, சிறிதாகச் சோதித்தல். புதிய விதி ஒன்றைப் படித்தவுடன், நான்கைந்து வரிகளில் ஓர் ஆணைத்தொடர் எழுதி இயக்கிப் பார்ப்பர். படித்ததும் கண்டதும் ஒத்திருந்தால்தான் அதை நம்புவர்.

இரண்டாவது, வாய்விட்டு விளக்குதல். பிழை எங்கே என்று தெரியாதபோது, மேசை மேல் ஒரு ரப்பர் வாத்தை வைத்து, அதற்குத் தம் ஆணைத்தொடரை வரி வரியாக விளக்கும் வழக்கம் அவர்களிடையே உண்டு. நகைக்க வேண்டாம், தோழியரே! விளக்கிக்கொண்டே வரும்போது, "இந்த வரி இதைச் செய்கிறது" என்று சொல்ல வாய் திறந்தவுடனே, அது அதைச் செய்யவில்லை என்பது நமக்கே புலப்படும். வாத்து கிடைக்காவிடில், கிறிஸ்து பிறப்புக் குடிலில் வைக்கும் ஆட்டுக்குட்டிப் பொம்மையும் இதற்குப் போதும். பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதால் முதல் பயன் அடைபவர் சொல்லிக்கொடுப்பவரே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மூன்றாவது, காரணத்தோடு எழுதி வைத்தல். ஆணைத்தொடரில் ஒரு மாற்றம் செய்தால், யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பதையும் பதிவு செய்வர். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் மென்பொருள் இப்பதிவுகளை ஒழுங்காகக் காத்துத் தருகிறது. பத்து ஆண்டுகள் கழித்து வரும் ஒருவர், "ஏன் இப்படிச் செய்தார்கள்?" என்று திகைக்காமல் அப்பதிவைப் படித்து அறிந்துகொள்வார்.

நான்காவது, பிறர் பார்வைக்கு வைத்தல். எழுதியதை அப்படியே பயனுக்கு அனுப்பாமல், உடன் பணிசெய்பவர் ஒருவரிடம் காட்டுவர். அவர் குறை சொன்னால் கோபம் கொள்வதில்லை. குறை ஆணைத்தொடரைப் பற்றியதே அன்றி ஆளைப் பற்றியது அன்று என்பது அங்கே எழுதாத சட்டம்.

பகிர்தல் வேறு, பார்த்தெழுதுதல் வேறு

இங்கே ஓர் ஐயம் எழலாம். அறிவைப் பகிர்வது நல்லதென்றால், தேர்வில் அடுத்தவள் விடையைப் பார்த்து எழுதுவதும் நல்லதாகுமா?

ஆகாது. பகிர்தலில் விடையோடு அதன் காரணமும் கைமாறுகிறது. பார்த்தெழுதுதலில் விடை மட்டும் நகர்கிறது. காரணம் முதலில் எழுதியவளிடமே தங்கிவிடுகிறது. சராசரிக் கணக்கை மீண்டும் நினைத்துப் பாருங்கள். 2-க்குப் பதில் 2.0 என்று எழுதச் சொல்லிவிட்டு நகர்ந்தால், அடுத்த முறை வேறொரு கணக்கில் அதே பிழை வரும்போது அவள் மீண்டும் நம்மிடமே வர வேண்டும். முழு எண் வகுத்தலின் விதியைச் சொல்லிக்கொடுத்தால், அவள் இனி நம்மை நாட வேண்டியதில்லை, பிறருக்கும் சொல்லிக்கொடுப்பாள். பெறுபவரைத் தன் காலில் நிற்கச் செய்வதே உண்மையான பகிர்வு.

கேட்ட மாத்திரத்தில் ஆணைத்தொடரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று வந்துவிட்டன. அவற்றைப் பயன்படுத்துவது குற்றமன்று. ஆனால் அவை தரும் விடையிலும் பிழை இருக்கக்கூடும். அதைக் கண்டுபிடிக்க, அந்த விடை ஏன் சரி என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். எனியாக் தந்த விடையைத் தாளில் கணக்கிட்டு ஒப்பிட்ட மார்லினும் ரூத்தும் நமக்குக் கற்பிப்பது இதையே. பொறி எவ்வளவு விரைந்து விடை தந்தாலும், சரிபார்க்கும் கடமை மனிதருடையது.

சரி, தேர்வில் நம் இடம் இறங்கிவிடும் என்ற அச்சம்? தோழிக்கு விளக்கிய பாடம் நமக்கே மறவாமல் நிற்கும். அவளும் நன்றாக எழுதி நம்மை ஒரு மதிப்பெண்ணால் முந்தினாள் என்றே வைத்துக்கொள்வோம். அந்த இடம் மதிப்பெண் பட்டியலோடு முடிந்துபோகும். பின்னாளில் ஒரு நிறுவனத்திலோ, மருத்துவமனையிலோ, ஆய்வுக்கூடத்திலோ நாம் தனியாக வேலை செய்யப் போவதில்லை. உடன் பணிசெய்பவர் திறமையுடையவராக இருந்தால்தான் நம் வேலையும் சிறக்கும். அங்கே வேண்டிய பழக்கத்தை இங்கேயே பழகிக்கொள்வது அறிவுடைமை அன்றோ!

நாம் செய்யக்கூடியவை

இவற்றை நம் பள்ளியில் நடைமுறைப்படுத்தப் பெரும் செலவு தேவையில்லை.

கணிப்பொறிக் கூடத்தில் பொதுவான பிழைக் குறிப்பேடு ஒன்று வைக்கலாம். ஒவ்வொரு பிழைக்கும் மூன்று வரிகள் போதும்: என்ன கண்டோம், என்ன காரணம், எப்படித் தீர்த்தோம். அடுத்த ஆண்டு வரும் தங்கையருக்கு அதுவே நல்ல துணைநூலாகும்.

தீர்வு கண்டவள் பெயரை அதன் கீழ் எழுத வேண்டும். உதவியவள் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். எனியாக் பெண்களுக்கு நேர்ந்தது நம் தோழியருக்கு நேரக் கூடாது.

வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம், ஒரு மாணவி தான் புதிதாகக் கற்ற ஒன்றை மற்றவருக்குச் சொல்லலாம். கணிப்பொறி பற்றியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வேதியியல் சமன்பாட்டைச் சரிசெய்யும் எளிய வழியும், தையல் வகுப்பில் கற்ற புதிய தையலும் ஆகலாம். நன்றாகப் பேசுகிறவளே மீண்டும் மீண்டும் பேசாமல், முறை வைத்து எல்லாரும் பேச வேண்டும். கேட்பவருள் ஒருத்திக்காவது புரியவில்லையென்றால், வேறு உதாரணத்தோடு மறுமுறை விளக்க வேண்டும். ஹாப்பரின் கம்பித் துண்டு போன்ற ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது விளக்குபவளின் கடமை.

வீட்டில் கணிப்பொறி உள்ளவர்களும் இல்லாதவர்களும் நம்மிடையே இருக்கிறோம். கூடத்தில் அமரும்போது, பழக்கம் உள்ளவள் விசைப்பலகையைத் தோழியிடம் கொடுத்துவிட்டு, அருகே இருந்து சொல்லித்தர வேண்டும். விசைப்பலகையைத் தொடாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவள் இரண்டு ஆண்டுகள் கழித்தும் அதைக் கற்றிருக்க மாட்டாள்.

முடிவுரை

நற்செய்தியில் வரும் தாலந்து உவமையை நாம் அறிவோம். தலைவன் தந்ததைப் பயன்படுத்திப் பெருக்கிய ஊழியர் பாராட்டுப் பெற்றனர். இழந்துவிடுவோமோ என்று அஞ்சி மண்ணில் புதைத்து வைத்தவன் இருந்ததையும் இழந்தான். குறிப்பேட்டை மறைப்பவளின் அச்சமும் அவன் கொண்ட அச்சமே.

கே மெக்நல்ட்டியும் தோழியரும் நூலில்லாமல் கற்றனர். பெட்டி கண்ட வழி ஹாப்பருக்கு ஊக்கமாயிற்று. ஹாப்பர் ஆக்கிய கருவி ஆயிரமாயிரம் பேருக்கு உதவிற்று. அருட்சகோதரி கெல்லர் அக்கல்வியைப் பெண்களின் கைக்குக் கொண்டு சேர்த்தார். ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு வந்த விளக்கு இது. நம் கைக்கும் வந்திருக்கிறது. இவ்வாண்டு நாம் கற்றவற்றுள் ஒன்றையேனும், அதை அறியாத ஒருத்திக்குக் காரணத்தோடு விளக்கிச் சொல்வோமாக. இறைப்போம், கிணறு ஊறும்!